புகையா... பனியா?

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் என்று ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அங்கே சாமியைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. சுவரைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு.

சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்கிற சட்டதிட்டம் அதில் இருக்கிறது. ஊரை 30 குடும்பாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்துக்கு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலை நறுக்கில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். வந்த ஓலைக்காரர் வாரியத்தில் உட்காரலாம். அதுதான் குடவோலை.

தகுதிப் பட்டியல் அமர்க்களமாக இருக்கும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். (முப்பதுகளின் முதல் பாதியில் இருக்கும் அடியேன் இந்த இடத்திலேயே அவுட்.) போன தடவை பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடம் கிடையாது. அவருக்கு மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களுக்கும் கிடையாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த ஒரு வரிக்காகவே அந்தச் சுவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஆடிட் ஆப்ஜெக்ஷன்!

இந்தச் சுவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த வரி என்னவென்று உங்களுக்கே தெரியும். ‘உலகத்திலேயே முதல் ஜனநாயகம் சார் இது!’ 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. சுவரில் எந்த வரியில் ‘ஜனநாயகம்’ என்று வெட்டியிருக்கிறது?

எங்கேயும் இல்லை. குடம், ஓலை, குடும்பு, கால் வேலி, வயசு எல்லாம் இருக்கிறது. வேதம் படித்திருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. ஏனென்றால் இது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. ஊரில் உழுதவர், நெய்தவர், பெண்கள் யார் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. ஓட்டுப் போடவும் இல்லை, குலுக்கல்தான் நடந்தது.

ஊர்ப் பெருமையைக் குறைக்கிற உத்தேசம் எனக்குக் கிடையாது. அதிகாரம் ஒரே கையில் தங்கக்கூடாது, கணக்குக் கேட்கவேண்டும் என்று அவ்வளவு காலத்துக்கு முன்னால் யோசித்தது சாமான்ய விஷயம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. சுவரில் இருப்பது ஒன்று. அதைப் பார்த்து நாம் எடுக்கிற முடிவு இன்னொன்று. கண்ணுக்குத் தெரிவது எங்கே முடிகிறது, நம் கருத்து எங்கே ஆரம்பிக்கிறது என்கிற கோட்டை நாம் கவனிப்பதே இல்லை. அறிவியல் பாடத்தின் அரிச்சுவடியே அந்தக் கோடுதான். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரும் அழகைக் கொஞ்சம் பார்க்கலாம்.

தியரிக்கு ப்ரமோஷன் உண்டா?

அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையன். டியூஷன் முடிந்து வந்தவனிடம் சும்மா கேட்டேன். “டேய், தியரிக்கும் லாவுக்கும் என்னடா வித்தியாசம்?”

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். “முதல்ல ஒருத்தர் கெஸ் பண்ணுவாரு மாமா. அதுக்குக் கொஞ்சம் ஆதாரம் கெடைச்சா தியரி. முழுசா நிரூபிச்சுட்டா லா!”

பையனைக் குற்றம் சொல்லக்கூடாது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்.டி.சி.யாகச் சேர்ந்து, யு.டி.சி.யாகி, ரிட்டயர் ஆவதற்குள் சூப்பரின்டென்டென்ட் ஆவது மாதிரி, ஊகம் தியரியாகி, தியரி கடைசியில் லா ஆகிவிடும் என்று. சர்வீஸ் கமிஷன் கணக்கு.

விஷயம் அப்படி இல்லை. ஓர் அலுவலகத்தில் காஷியரும் இருக்கிறார், ஆடிட்டரும் வருகிறார். எத்தனை வருஷம் ஒழுங்காகக் காசு எண்ணினாலும் அந்த சர்வீஸுக்காக யாரும் காஷியரை ஆடிட்டர் ஆக்குவதில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. விதியும் கோட்பாடும் அப்படித்தான். அறிவியல் ஆபீஸில் நாலு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாற்காலி, உற்றுநோக்கல். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கருவியால் அளந்தது. அவ்வளவுதான். சொந்தச் சரக்கு சேர்க்கக்கூடாது.

இரண்டாவது, அனுமானம். பார்த்ததை வைத்துப் பார்க்காததைப் பற்றி எடுக்கிற முடிவு.

மூன்றாவது, விதி. இது நடந்தால் இது நடக்கும், இவ்வளவுக்கு இவ்வளவு என்று சொல்கிற ஒழுங்கு. பெரும்பாலும் கணக்காகவே எழுதிவிடலாம். ‘ஏன்?’ என்று மட்டும் அதைக் கேட்கக்கூடாது. கேட்டால் முழிக்கும்.

நாலாவது, கோட்பாடு. அந்த ‘ஏன்’ இதன் டிபார்ட்மென்ட். பல உற்றுநோக்கல்களையும் பல விதிகளையும் ஒரே கயிற்றில் கட்டி, இதனால்தான் இப்படி என்று விளக்குவது.

தமிழில் இன்னொரு சங்கடம். ‘விதி’ என்றால் நமக்குத் தலையெழுத்து ஞாபகம் வந்துவிடும். ‘தியரி’ என்றால் ‘தியரியெல்லாம் சரி சார், ப்ராக்டிகலா ஒத்து வராது’ என்று மேனேஜர் சொல்வது ஞாபகம் வரும். ஆக, ஒன்று மாற்றவே முடியாதது, மற்றது உதவாதது. இரண்டும் தப்பு.

காஞ்சியில் நடந்த கிளாஸ்

முதல் இரண்டு நாற்காலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து அரை மணி, முக்கால் மணி பஸ் தூரத்தில் இருக்கிற காஞ்சிபுரத்தில் இதற்கு ஒரு வகுப்பே நடந்திருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், மணிமேகலை காஞ்சி மாநகருக்கு வந்த பிறகு, அறவண அடிகள் அவளுக்கு உட்கார்ந்து தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். அறிவு வருகிற வழி இரண்டு என்கிறார். ஒன்று நேரே உணர்வது. மற்றது கருதி அறிவது. மலையில் புகை தெரிகிறது, அதனால் அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்க்கிற மாதிரி. புகை உற்றுநோக்கல். நெருப்பு அனுமானம். அடுக்களை நம் பழைய அனுபவம்.

அதோடு விட்டிருந்தால் சாதாரண வாத்தியார். தப்பு வருகிற இடங்களையும் வரிசையாகப் பட்டியல் போடுகிறார் மனிதர். அதில் ஓர் அயிட்டம் பிரமாதம். தூரத்தில் மசமசவென்று ஏதோ தெரிகிறது. அது ஆவியா, பனியா, புகையா என்று சந்தேகம் தீரவில்லை. அதற்குள் ‘நெருப்பு இருக்கிறது’ என்று தீர்மானம் செய்துவிடுவது. இந்தத் தப்பு அனுமானத்தில் இல்லை, அதற்கு முந்தின படியிலேயே இருக்கிறது. பார்த்ததே சரியாகப் பார்க்கவில்லை.

நம் ஆபீஸில் தினம் நடப்பது இதுதான். மேனேஜர் கேபின் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஹெச்.ஆர். ஆசாமி. ஒன்றரை மணி நேரம். பதினோரு மணி டீக்குள் ‘ஆளைக் குறைக்கப் போறாங்களாம்’ என்று மாடி வரைக்கும் சேதி போய்விடும். பார்த்தது ஒரு கதவு. அதுவும் சாத்தின கதவு. சாயங்காலம் விசாரித்தால் உள்ளே ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு மேல் ரகசியம் எதுவும் இருக்காது.

இதில் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லா இடத்திலும் சிரிக்க முடியாது.

2018 மே மாதம். குழந்தை கடத்துகிற கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் கிளம்பிப் போனது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வழி கேட்க நிறுத்தினார்கள். அவர்களில் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் பார்த்தது இவ்வளவுதான்: அறிமுகமில்லாத ஒரு வயதான அம்மாள், குழந்தைகள், சாக்லேட். மீதியெல்லாம் அவர்கள் மனசில் சேர்ந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம்.

அடித்தவர்களை அன்றைக்கு யாராவது நிறுத்தி விசாரித்திருந்தால், ‘நாங்க கண்ணால பாத்தோம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய் சொல்வதாக அவர்களுக்கே தோன்றியிருக்காது. அனுமானம் உற்றுநோக்கலின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டால் இப்படித்தான். ‘கடத்தல்காரி என்று நினைக்கிறேன்’ என்பதற்கும் ‘கடத்தல்காரியைப் பார்த்தேன்’ என்பதற்கும் நடுவே இருந்த கோடு ஓர் உயிரின் விலை.

பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க் கேள்வியாக இருக்கிற சமாசாரத்தின் நிஜமான கனம் இது.

சைக்கிள் பம்பும் இரண்டு நூற்றாண்டும்

அடுத்து மூன்றாவது நாற்காலி. ஒரு சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு கைப்பிடியை அமுக்குங்கள். உள்ளே போகப் போக எதிர்த்துத் தள்ளும். சூடு மாறாமல் பார்த்துக்கொண்டு, காற்றின் இடத்தைப் பாதியாகக் குறைத்தால் அழுத்தம் இரண்டு மடங்காகும். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் மூன்று மடங்கு. இது பாயில் விதி. ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்டது.

ஏன் அப்படி என்று பாயிலுக்குச் சரியாகத் தெரியாது. தெரியாவிட்டாலும் விதி விதிதான். கணக்குப் போட்டால் விடை வந்தது.

ஏன் என்கிற கதை பிறகு வந்தது. காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் துகள்கள், அவை ஓயாமல் ஓடிச் சுவரில் மோதுகின்றன, இடம் குறைந்தால் மோதல் அதிகமாகும், அந்த மோதல்தான் அழுத்தம் என்று 1738-ல் டேனியல் பெர்னூலி எழுதினார். அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1860 வாக்கில் மாக்ஸ்வெல் அதைக் கணக்கோடு நிமிர்த்தி நிறுத்தினார். இயக்கவியல் கோட்பாடு என்பார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம்!

இங்கே கவனியுங்கள். விதி முதலில் வந்தது, கோட்பாடு பின்னால். பையன் சொன்ன ப்ரமோஷன் கணக்குப்படி இது தலைகீழ். கோட்பாடு வந்ததும் விதி வேலையை விட்டுப் போகவில்லை. விதி ஆவதற்காகக் கோட்பாடு இன்னும் க்யூவில் நிற்கவும் இல்லை. இரண்டும் அவரவர் நாற்காலியில் சௌக்கியமாக இருக்கின்றன.

‘விதி என்றால் மாறாதது’ என்பதும் அவ்வளவு சரி இல்லை. காற்றை மிகப் பலமாக அழுத்தினால் பாயில் விதி பிசகும். துகளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும், ஒன்றை ஒன்று இழுக்கவும் செய்யும் என்று 1873-ல் வான் டெர் வால்ஸ் திருத்தம் சொன்னார். விதி எங்கே பிசகும் என்று காட்டிக்கொடுத்தது, துகள் என்கிற அந்தக் கோட்பாடுதான். இரண்டில் யார் பெரியவர் என்று கேட்டால், நியாயமாகப் பார்த்தால் விளக்குகிறவருக்குத்தான் கொஞ்சம் மரியாதை அதிகம் கொடுக்கவேண்டும்.

நாரை போட்ட உரம்

நாலு நாற்காலியையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசையா? உத்திரமேரூரிலிருந்து பைக்கை எடுங்கள். கிழக்கே போனால் வேடந்தாங்கல். எழுபது ஏக்கர் சொச்சம் ஏரி. தண்ணீருக்குள் மரங்கள். சீசனில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் வாங்கிவிட்டது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இது பழைய சங்கதி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட, கிராமத்து ஜனங்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய்த் தடுத்து உத்தரவு வாங்கினார்கள். 1798 என்று அந்த வருஷத்தைச் சொல்வார்கள். 1858-ல் மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர்.

பறவை மேல் பாசம் மட்டும் காரணம் இல்லை. பயிர்தான் காரணம். ஏரித் தண்ணீர் பாய்கிற வயலில் விளைச்சல் நன்றாக இருந்தது. இது உற்றுநோக்கல்.

பறவை எச்சம் தண்ணீரில் கலக்கிறது, அதனால்தான் இந்த விளைச்சல். இது அனுமானம். வண்டல் காரணமாக இருக்கக்கூடாதா? மண்ணே நல்ல மண்ணாக இருக்கக்கூடாதா? இருக்கலாம். ஆனால் பறவை வராத வருஷத்தையும் வந்த வருஷத்தையும், இந்த ஏரிப் பாசனத்தையும் பக்கத்து ஏரிப் பாசனத்தையும் தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி ஒரு விவசாயிக்கு உண்டு. நல்ல அனுமானம் அப்படித்தான் உருவாகும். ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடி வருவதில் இல்லை.

விதி எங்கே? ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் என்பவர் 1828-ல் சொல்லி, 1840-க்குப் பிறகு லீபிக் பிரபலப்படுத்திய ‘குறைந்தபட்ச விதி’ இருக்கிறது. பயிருக்கு வேண்டிய சத்துகளில் எது மிகக் குறைச்சலோ, விளைச்சல் அதன் அளவில் நின்றுவிடும். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் பருப்பைக் கூட்டி என்ன பிரயோஜனம்? உப்புதான் போடவேண்டும். வயலில் தழைச்சத்து குறைந்திருந்தால் தழைச்சத்துதான் போடவேண்டும். நாரை அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தது, சம்பளம் வாங்காமல்.

கோட்பாடு? செடி மண்ணைத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த தாது உப்புகளை வேர் உறிஞ்சுகிறது. பறவை எச்சத்தில் இருக்கிற யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்ற, வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற, வேர் அதைக் குடிக்கிறது. அந்த இரண்டாவது கூட்டத்தை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890-ல்தான் தனியாகப் பிரித்துக் காட்டினார். வேடந்தாங்கல்காரர்கள் கலெக்டரிடம் போய்த் தொண்ணூறு வருஷம் கழித்து!

‘பாத்தீங்களா, தியரி இல்லாமலே நம்ம ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க’ என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். ஜெயித்தது உண்மை. அந்த ஏரியில், அந்த வயலில் ஜெயித்தார்கள். ‘பறவை எச்சம் நல்லது’ என்பதோடு நின்றால், ‘அப்படியானால் இன்னும் நிறைய இருந்தால் இன்னும் நல்லது’ என்றுதான் அடுத்துத் தோன்றும். கோட்பாடு தெரிந்தவர் அங்கே கையைப் பிடிப்பார். தேங்கின தண்ணீரில் இந்தச் சத்து அளவு மீறினால் பாசி மண்டும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்ஸிஜன் தீரும். மீன் சாகும். மீன் போனால் கூழைக்கடாவுக்கு அங்கே என்ன வேலை? அனுபவம் போன வழியைச் சொல்லும். போகாத வழியில் எங்கே பள்ளம் என்று சொல்ல கோட்பாடு வேண்டும்.

‘யாரும் பாக்கலையே!’

இந்த நாற்காலிக் குழப்பம் படிக்காதவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைக்கவேண்டாம். 2018 ஜனவரியில் மத்திய மனிதவளத் துறையின் இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வினின் பரிணாமக் கோட்பாடு அறிவியல்படி தவறு என்றார். காரணம்? குரங்கு மனிதனாக மாறியதைத் தாங்கள் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் எழுதியும் வைக்கவில்லை, சொல்லியும் வைக்கவில்லையாம். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன.

டார்வினுக்காக வக்காலத்து வாங்க வேறு ஆள் இருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம் அமைச்சரின் பழைய உத்தியோகம். அவர் மும்பையின் போலீஸ் கமிஷனராக இருந்தவர். ‘திருடினதை யாரும் பாக்கலையே’ என்று எந்தத் திருடனையாவது போலீஸ் விட்டிருக்கிறதா? கைரேகை, ரத்தக்கறை, செல்போன் டவர், அடகுக் கடை ரசீது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சாட்சியமும் ஒரே ஆளைக் காட்டினால் விலங்கு மாட்டுவார்கள்தானே?

கோட்பாடும் அப்படித்தான் நிற்கிறது. பாறையில் புதைந்த எலும்பு, உயிரினங்களின் மரபணு, தீவுக்குத் தீவு மாறுகிற பறவை அலகு, கருவில் வளரும் விதம் எல்லாம் ஒரே திசையில் கை காட்டுகின்றன. அதற்கு மேல் முன்கூட்டியே சொல்லிவைத்து அடிக்கிறது. மீன் கரையேறிய காலக்கட்டத்தை வைத்து, இந்த வயதுள்ள பாறையில் பாதி மீன், பாதி கால்நடைப் பிராணி ஒன்று கிடைக்கவேண்டும் என்று கணக்குப் பண்ணித் தேடப்போன ஆராய்ச்சியாளர்களுக்கு, கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில் 2004-ல் அது கிடைத்தது. டிக்டாலிக் என்று பெயர். வயது 37 கோடியே 50 லட்சம் வருஷம். சும்மா ஊகம் இப்படிச் சொல்லி அடிக்குமா?

‘பார்க்காததை நம்பமாட்டேன்’ என்றால் உத்திரமேரூர்ச் சுவரிலும் கைவைக்க வேண்டிவரும். குடத்திலிருந்து ஓலை எடுத்த அந்தப் பையனை நம்மில் யார் பார்த்தோம்? பராந்தகனை யார் பார்த்தது? கல்லும் எழுத்தும்தான் நாம் பார்ப்பது. எழுத்தின் வடிவம், மொழி நடை, ஆட்சியாண்டு, மற்ற ஊர்க் கல்வெட்டுகள், செப்பேடுகள் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துத்தான் 919 என்றும் 921 என்றும் சொல்கிறார்கள். பார்க்காததைத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. பார்த்ததற்கு மேல் அளக்கக்கூடாது என்பதற்கும் அதே சுவர் சாட்சி.

‘அது வெறும் தியரிதானே’ என்கிறவருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் போனில் மேப்பைப் பார்த்து பிரியாணி கொண்டுவருகிற பையன் சரியான வாசலில் நிற்பது, ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டால். வானத்திலிருக்கும் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டின் கடிகாரம் நம் தரைக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ செகண்ட் வேகமாக ஓடும். அந்தக் கோட்பாட்டை வைத்துத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தப்பு சேர்ந்துவிடும். பிரியாணி மதுராந்தகத்துக்குப் போகும்.

திறக்கக்கூடாத டப்பா

சரி, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? நாலு வரையறையை மனப்பாடம் பண்ணச் சொன்னால் மார்க் வரும், புத்தி வராது. அறிவியல் ஆசிரியர்கள் பல நாடுகளில் செய்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. செலவு அஞ்சு பைசா கிடையாது.

ஒரு டப்பா. உள்ளே ஏதாவது ஒன்றிரண்டு சாமானைப் போட்டு, மூடி, சுற்றி டேப் ஒட்டிவிட வேண்டும். பிள்ளைகள் குலுக்கலாம், சாய்க்கலாம், மோந்து பார்க்கலாம், காந்தம் வைத்துப் பார்க்கலாம், தராசில் நிறுக்கலாம். திறக்க மட்டும் கூடாது. நோட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் ‘பார்த்தது, கேட்டது’. வலது பக்கம் ‘அதனால் நினைப்பது’.

அக்கா மகனிடம் நீட்டினேன். இடது பத்தியில் முதல் வரியாகவே ‘உள்ளே கோலிக்குண்டு இருக்கிறது’ என்று எழுதினான்.

“கோலியப் பாத்தியாடா?”

“சத்தம் கேட்டுது மாமா.”

“அப்ப சத்தத்த எழுது.”

தலையைச் சொறிந்துவிட்டு அடித்து எழுதினான். ‘சாய்த்தால் உருளும் சத்தம். முடிவில் டக்கென்று ஒரு இடி.’ வலது பத்தியில் ‘உருண்டையான சாமான்’. காந்தம் இழுக்கவில்லை, அதனால் இரும்பு குண்டு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, “உருண்டைதான்னு எப்படிச் சொல்ற? பென்சில் துண்டும்தான் உருளும்” என்றாள். டப்பாவைத் திருப்பிக் குறுக்கே சாய்த்தார்கள். அந்தப் பக்கமும் உருண்டது. பென்சில் அடிபட்டுப் போனது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் உருளும் என்று ஓர் ஒழுங்கு கிடைத்தது. அது அவர்கள் குட்டி விதி. உள்ளே ஓர் உருண்டை இருப்பதால்தான் அப்படி என்பது அவர்கள் குட்டிக் கோட்பாடு. அந்தக் கோட்பாட்டிலிருந்து, ‘கொஞ்சமாகச் சாய்த்து வைத்தாலே போதும், குலுக்க வேண்டாம், தானா ஓடும்’ என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொன்னாள். வைத்துப் பார்த்தார்கள். ஓடியது. அந்த நிமிஷம் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவேண்டும்!

ப்ரமோஷன் கதை அதோடு போயிற்று. ‘எந்தப் பக்கமும் உருளும்’ என்பது எத்தனை வருஷம் ஆனாலும் ‘உள்ளே உருண்டை இருக்கிறது’ ஆகாது என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது.

இந்த விளையாட்டில் ஒரே ஒரு நிபந்தனைதான் கறாரானது. கடைசியில் டப்பாவைத் திறந்து காட்டக்கூடாது. இயற்கை அந்த வசதியை யாருக்கும் செய்து தருவதில்லை. நோட்ஸ் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். அணுவுக்கும் நட்சத்திரத்துக்கும் பராந்தகனுக்கும் கடைசிப் பக்கம் கிடையாது. குலுக்கிக் கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து, சரியாகக் கேட்கத் தெரிந்தால் அதுதான் வழி.

டப்பா இன்னும் அக்கா வீட்டு ஷெல்ஃபில் இருக்கிறது. பையன் வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பதாக அக்கா போனில் சொன்னாள். “என்னடா போட்டு வெச்ச அதுல? எனக்கு மட்டும் சொல்லுடா” என்று அவளும் கேட்டாள்.

சொல்லவில்லை.